மாவு மூட்டையா, பற்றுச்சீட்டா, காசா? உணவு உதவியை யாருக்காகத் திருத்துவது

கப்பல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூலையில் வந்த ஒரு செய்தி. அமெரிக்க அரசு வாங்கி துபாய்க் கிடங்கில் வைத்திருந்த சத்து பிஸ்கட், ஏறக்குறைய 500 டன், காலாவதி ஆகப்போகிறது என்று எரிக்க முடிவானது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சரக்கு. 15 லட்சம் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். வாங்கிய விலை சுமார் 8 லட்சம் டாலர், அழிக்கும் செலவு 1,30,000 டாலர். அதே மாதம் 1ஆம் தேதிதான் யூஎஸ்எய்ட் என்ற அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பையே இழுத்து மூடினார்கள்.

எல்லோரும் டிரம்ப்பைத் திட்டினார்கள். திட்டட்டும். ஆனால் நான் கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குப் பத்திரம் எழுதிக் காலம் தள்ளியவன். இந்த உணவு உதவியில் இருக்கும் கோணல் அவருக்கு முன்பே வந்தது என்று எனக்குத் தெரியும்.

1954இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480தான் ஆரம்பம். அமெரிக்காவில் கோதுமை விளைந்து கிடங்கு கொள்ளாமல் கிடந்த காலம். விலை விழக்கூடாது என்று அரசே வாங்கிக் குவித்தது. குவித்ததை எங்காவது தள்ளியாக வேண்டும், பசித்த நாடுகளும் இருந்தன. கென்னடி காலத்தில் ‘அமைதிக்கான உணவு’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் அழகுதான், ஆனால் சட்டத்தில் இரண்டு முடிச்சு. தானியம் அமெரிக்க மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும். 1985இல் பாதியை முக்கால் ஆக்கினார்கள். 2012இல்தான் திரும்பப் பாதிக்கு இறக்கினார்கள். அந்தக் கொடிக் கப்பலின் வாடகை மற்ற கப்பல்களைவிட எவ்வளவு கூடுதல் என்று எங்கள் தொழிலில் இருந்த யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள். மூட்டை போய்ச் சேர மாதக்கணக்காகும். பக்கத்து நாட்டுச் சந்தையில் வாங்கினால் வாரக்கணக்கில் முடியும்.

இளைய புஷ், கால்வாசிப் பணத்தையாவது அந்தந்த வட்டாரத்தில் வாங்கச் செலவிடலாமே என்று கேட்டுப் பார்த்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அசையவில்லை. 2013இல் ஒபாமா இன்னும் பெரிதாகக் கேட்டார், அதுவும் தேறவில்லை. இரண்டு கட்சி அதிபர்களும் கேட்டு நடக்காத காரியம்! தடுத்தவர்கள் விவசாயக் குழுக்களும் கப்பல் நிறுவனங்களும். அப்புறம், கிடைத்த தானியத்தை ஏழை நாட்டுச் சந்தையில் விற்று அந்தக் காசில் தங்கள் திட்டங்களை நடத்திய சில தொண்டு நிறுவனங்களும். கேர் என்ற பெரிய நிறுவனம் மட்டும் 2007இல், இந்த விற்றுக் காசாக்கும் வேலை எங்களுக்கு வேண்டாம், ஆண்டுக்கு சுமார் 4.5 கோடி டாலர் போனாலும் போகட்டும் என்று விலகியது.

எனக்குத் தெரிய வேண்டியது: கொடுப்பவர் வசதிக்காகக் கட்டிய திட்டத்தை, சாப்பிடுபவர் பக்கமாகத் திருப்ப முடியுமா? நம் ஊர் சிங்கப்பூரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

---

ரேஷன்கார்டு

அண்ணே, அந்த 480 கோதுமையைத் தின்ற ஊர் எங்களுடையது. தஞ்சாவூர்ப் பக்கம், நெல் விளையும் பூமியில் கோதுமைக்கு வரிசை. எங்கள் தாத்தா அதைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பார்.

1965, 66 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. 66இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. அப்போது அமெரிக்க அதிபர் ஜான்சன் என்ன செய்தார்? மொத்தமாக அனுப்பாமல், அடுத்த மாதத்துக்கு எவ்வளவு என்று தானே அளந்து அளந்து விட்டார். வியட்நாம் போரை டெல்லி குறை சொன்னது அவருக்கு எரிச்சல். வேளாண்மைக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி வேறு. கோபம்தான் வேலை செய்தது என்பேன். அப்போது உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தார்கள். மற்றது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தமிழ்நாட்டுக்குள் இன்னொரு கதை ஓடியது. 1967 தேர்தலில் அரிசிதான் பேச்சு. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார் அண்ணா. ஜெயித்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் வந்தது, மூன்று படி லட்சியமாகவே நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கட்சி வந்தாலும் ரேஷன் கடையில் கைவைக்கப் பயம். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோதும் தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை இலவசம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அம்மா அந்த அரிசியை இட்லிக்கு மட்டும்தான் போடுகிறார், சோற்றுக்குக் கடை அரிசி. ரேஷன் அரிசி கடத்தல் பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி வரும். கசிவு உண்டு. இருந்தும் கடை தெருமுனையில் இருக்கிறது, அட்டை இருக்கிறது, யாரிடமும் போய் நான் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

---

ஜூரோங்_அக்கா

நான் நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். வாடகை வீடுகள் இருக்கும் புளோக்குகளில் உணவுப் பை கொடுக்கும் தொண்டூழியம் செய்கிறேன். எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள்.

கப்பல்காரன் அண்ணன் சொன்ன அமெரிக்கக் கோணல் எங்கள் பையிலும் இருக்கிறது. பையில் என்ன வருகிறது? உடனடி மீ (நூடுல்ஸ்), டின் மீன், டின் பட்டாணி, மைலோ பானப் பொடி, பிஸ்கட், 5 கிலோ அரிசி. ஏன் இவை? கெடாது, அடுக்கலாம், நிறுவனங்கள் நன்கொடையாகத் தர எளிது. வாங்குபவர் யார்? முக்கால்வாசிப் பேர் தனியாக இருக்கும் முதியவர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு. ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். மீ பாக்கெட்டுகள் மேற்கூரை வரை. “நீ ஆசையாய்க் கொண்டு வருகிறாய், வேண்டாம் என்று எப்படியம்மா சொல்வது?” என்றார். அவருக்கு வேண்டியது முட்டையும் கீரையும்.

எங்கள் பகுதியில் ஒரே புளோக்குக்கு மூன்று குழுக்கள் ரொட்டி கொடுக்கும். இரண்டு புளோக் தள்ளி ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்யத்தான் 2019இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு பல அமைப்புகளைச் சேர்த்து ஒரு பணிக்குழு அமைத்தது. கொஞ்சம் ஒழுங்கு வந்திருக்கிறது, முழுவதும் வரவில்லை.

‘சிங்கப்பூரில் யார் பட்டினி’ என்று கேட்பவர்களுக்கு: எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் 2019ஆம் ஆண்டுக்குச் செய்த ஆய்வில், முந்தைய 12 மாதத்தில் ஒரு முறையாவது போதிய உணவில்லாமல் தவித்த குடும்பங்கள் 10.4 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் எந்த அமைப்பிடமும் உதவி கேட்கவில்லை. வெட்கம், அல்லது ‘என்னைவிடக் கஷ்டப்படுபவர் இருப்பார்’ என்ற எண்ணம்.

---

கணக்குப்பிள்ளை

> கடை தெருமுனையில் இருக்கிறது, அட்டை இருக்கிறது

தம்பி, அட்டை எல்லோருக்கும் என்றால் காசும் எல்லோருக்கும் போகிறது. நம் அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் தாளில் அச்சடித்த சீட்டாகத் தொடங்கினார்கள். 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 100 வெள்ளி, மின்னியல் வடிவில். 2024 ஜனவரியில் 500, 2025 ஜனவரியில் 300, மே மாதம் இன்னொரு 500. ஹாலந்து ரோட்டில் பங்களா வைத்திருப்பவருக்கும் 500, அக்கா சொன்ன பாட்டிக்கும் 500. அந்தப் பணத்தை மொத்தமாகத் தேவைப்படும் குடும்பங்களுக்குத் திருப்பினால் ஒவ்வொருவர் கைக்கும் எவ்வளவு போகும்!

நம்மிடம் வருமான வரிப் பதிவு இருக்கிறது, மசேநிதி (மத்திய சேம நிதி) இருக்கிறது, வீட்டு வகை தெரியும். யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பது இந்தியாவைப் போலக் கடினமில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித் திட்டம் கம்கேர் 2005இலிருந்து இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் போதும்.

---

ரேஷன்கார்டு

கணக்கு சரி, ஆனால் கம்கேருக்கு மனு எழுதி, சமூக சேவை அலுவலகம் போய், வங்கிக் கணக்கு விவரம் காட்டி, சில மாதம் கழித்துத் திரும்ப மனு எழுத வேண்டும். அக்கா சொன்ன அந்தக் கேட்காத பெரும்பாலோர் அங்கே போவார்களா? பங்களாக்காரருக்கு 500 போவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கோப்பிக்கடையில் அவரும் அதே கியூஆர் குறியீட்டைக் காட்டுவதால்தான் பாட்டிக்குக் கூச்சம் இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு. கொடுக்கலாம் என்கிறேன்.

---

யீஷூன்வாசி

என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள், மளிகைக் கடையில் கல்லாவில் வேலை. அங்கே உள்நாட்டில் கொடுக்கும் உதவிக்கு ஸ்னாப் என்று பெயர், முன்பு உணவு முத்திரை என்பார்கள். 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆரஞ்சு, நீலம் என்று இரண்டு நிற முத்திரைகளோடு தொடங்கியது. ஆரஞ்சு முத்திரையில் எந்த உணவுப் பொருளையும் வாங்கலாம், நீலத்தில் அரசு ‘மிச்சமாக இருக்கிறது’ என்று அறிவித்த பொருள் மட்டும். பாருங்கள், அங்கேயும் மிச்சம் தள்ளும் வேலைதான்.

இப்போது அட்டை, சுமார் 4 கோடிப் பேர் வாங்குகிறார்கள். தங்கை சொல்லும் வேடிக்கை: சுட்டு ஆறிய கோழி வாங்கலாம், சூடாக இருக்கும் கோழி வாங்க முடியாது. சூடான உணவு பொதுவாகச் சட்டப்படி கூடாது. அடுப்பில்லாத அறையில் இருப்பவன் என்ன செய்வான்?

அந்த வகையில் நம் சிடிசி கெட்டிக்காரத்தனமானது. பாதி பேரங்காடிக்கு, மறுபாதி உணவங்காடி நிலையத்துக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும். நம் ஊரில் பாதிப் பேர் வெளியில்தான் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் யாரோ போட்ட திட்டம். பிள்ளைகள் கதையும் அப்படியே. பள்ளியில் உதவித்திட்டத்தில் இருக்கும் மாணவனுக்கு உணவுக் காசை அட்டையில் ஏற்றிவிட்டால், கேண்டீனில் எல்லோரையும் போல அவனும் அட்டையைத் தட்டி வாங்குகிறான். முன்பு கூப்பன் காலத்தில் பையன்கள் மறைத்து மறைத்து நீட்டுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை

ஸ்னாப்பில் குளிர்பானம் வாங்கத் தடை வருவதையும் சொல்லுங்கள். 2025 மே மாதம் நெப்ராஸ்காதான் முதலில் அனுமதி வாங்கியது, அப்புறம் வரிசையாகப் பல மாநிலங்கள். வரிப்பணத்தில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு வரிப்பணத்தில் சர்க்கரை நோய்க்கு மருந்தா? இதில் என்ன தப்பு?

---

ஜூரோங்_அக்கா

தப்பு என்னவென்றால், அதே பானத்தை நானும் நீங்களும் வாங்கினால் யாரும் கேட்பதில்லை. இங்கே 2022 கடைசியில் நியூட்ரி-கிரேட் கொண்டுவந்தார்கள். பாட்டிலில் ஏ, பி, சி, டி என்று எழுத்து, டி தரத்துக்கு விளம்பரம் கூடாது. ஏழைக்கு மட்டும் பூட்டுப் போடவில்லை. கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்தன. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

இன்னொன்று, ஏழைக்கு மைலோ கூடாது என்று சொல்லும் நாம்தான் அவர் கேட்காமலே பையில் மைலோ போடுகிறோம்.

---

மட்டக்களப்பான்

பற்றுச்சீட்டு, பற்றுச்சீட்டு என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். இலங்கைக் கதையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கோ.

எங்களுக்கு யுத்தகாலத்திலிருந்தே, அதாவது 1940களிலிருந்து, அரிசி பங்கீடு இருந்தது. கூப்பன் புத்தகம் என்பம். 1953இல் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதம் ஆக்கினார்கள். நாடே ஹர்த்தாலில் இறங்கியது, சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு யாருக்கும் அரிசியில் கைவைக்கத் துணிவில்லை, ரேஷன்கார்டு தம்பி சொன்ன மாதிரித்தான்.

ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்த பிறகு முதலில் ஆளைக் குறைத்தார்கள். 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்றாகி, கிட்டத்தட்டப் பாதிச் சனம் வெளியே. 1979இல் பங்கீட்டையே எடுத்துவிட்டு உணவு முத்திரை. முத்திரையில் ரூபாய்க் கணக்கு அச்சடித்திருந்தது. அரிசி விலை ஏறியது, கோதுமை மா விலை ஏறியது, முத்திரையின் எண் அப்படியே இருந்தது. சில வருடத்தில் அதன் பெறுமதி பாதிக்கும் கீழே போய்விட்டது. சட்டத்தை மாற்றவில்லை, யாரும் ‘வெட்டினோம்’ என்று சொல்லவும் இல்லை. விலைவாசியே வெட்டிவிட்டது. ஹர்த்தாலும் நடக்கவில்லை. அரிசி 20 கிலோ என்றால் விலை ஏறினாலும் 20 கிலோ. 300 வெள்ளி என்றால் அடுத்த வருடம் அது எத்தனை கிலோ?

கணக்குப்பிள்ளை அண்ணர் சொல்கிற ‘தேவைப்படுபவருக்கு மட்டும்’ என்ற வாசலும் அதே இடத்துக்குத்தான் போனது. ஏழைக்கு மட்டும் என்று ஆன பிறகு, அதைக் கவனிக்க ஏழையைத் தவிர ஆள் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

மட்டக்களப்பு அண்ணன் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன்: தொகை விலைவாசியோடு ஏற வேண்டும், அது சட்டத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்க ஸ்னாப்பில் ஆண்டுதோறும் அக்டோபரில் உணவு விலையைப் பார்த்துத் தொகையை மாற்றுகிறார்கள். சிடிசி அப்படியில்லை, ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் அமைச்சர் அறிவித்தால்தான் உண்டு. உரிமை இல்லை, அறிவிப்பு. அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எல்லோருக்கும் கொடுப்பதுதான் மருந்து என்பதை இன்னும் ஏற்கவில்லை.

---

ஜொகூர்_மாப்பிள்ளை

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், 2025 ஆகஸ்டு 31இலிருந்து 18 வயதான எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் என்ற அடையாள அட்டையில் 100 ரிங்கிட் ஏற்றினார்கள், சாரா என்று பெயர். புது அட்டை, மனு, ஆப் எதுவும் வேண்டாம், அடையாள அட்டையை நீட்டினால் சரி. அரிசி, முட்டை, எண்ணெய் மாதிரி அடிப்படைப் பொருள் மட்டும். முதல் சில நாள் கணினி திணறி மாமியார் வரிசையில் நின்று திட்டினார். அப்புறம் ஒழுங்காகிவிட்டது.

நம் பக்கம் சிங்பாஸ் என்ற அரசு மின்னியல் கணக்கில் நுழையத் தெரியாத முதியவர் படும் பாட்டைப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை. சமூக மன்றத்தில் சிடிசி பற்றுச்சீட்டை அச்சடித்துத் தருகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்கும் நடந்து போக வேண்டுமே.

---

கப்பல்காரன்

நல்லாப் போகிறது. வெளிநாட்டு உதவிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ‘எல்லாவற்றையும் காசாகக் கொடு’ என்று முடித்துவிடுவோமோ என்று பயம்.

காசு எப்போது வேலை செய்யும்? சந்தையில் பொருள் இருந்து, வாங்க மட்டும் முடியாதபோது. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் சொன்னது இதைத்தான். அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை, கூலிக்காரன் கைக்கு எட்டாத விலைக்குப் போனது. அந்த மாதிரி இடத்தில் கப்பலில் கோதுமை கொண்டு கொட்டினால் உள்ளூர் விவசாயியும் சேர்ந்து சாவான். ஹைத்தியில் அதுதான் நடந்தது. 1990களில் அரிசி இறக்குமதி வரியை 50 விழுக்காட்டிலிருந்து 3க்குக் குறைக்க வைத்தார்கள், அமெரிக்க அரிசி மலிவாக வந்து இறங்கியது, உள்ளூர் நெல் படுத்துவிட்டது. 2010இல், அப்போது அதிபராக இருந்த கிளின்டனே செனட் குழு முன்னால், என் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

சந்தையே இல்லாத இடம் வேறு. முற்றுகைக்குள் இருக்கும் ஊரில் காசைத் தின்ன முடியாது, அங்கே மூட்டைதான் போக வேண்டும். எலும்பும் தோலுமான குழந்தைக்கு நிலக்கடலையும் பால்பொடியும் சர்க்கரையும் சேர்த்த அந்தச் சத்துப் பசை உயிர் காக்கும். அதைக் காசாக மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. ஆக, இடத்தைப் பார்த்து முடிவெடுக்கும் சுதந்திரம் களத்தில் நிற்பவரிடம் இருக்க வேண்டும், வாஷிங்டன் சட்டப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1996இலும் கனடா 2008இலும் ‘எங்கள் தானியம்தான்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டன. வானம் இடிந்து விழவில்லை.

யூஎஸ்எய்டை மூடும் குழப்பம் தொடங்கிய 2025 பிப்ரவரியிலேயே, அமைதிக்கான உணவு திட்டத்தை வேளாண் துறைக்கு மாற்ற வேண்டும் என்று காங்கிரசில் மசோதா வந்தது. கொண்டுவந்தவர்கள் யார்? கோதுமை விளையும் கன்சாஸ் மாநில உறுப்பினர்கள். திட்டம் பிழைக்க அதுதான் வழி என்பார்கள், பிழைக்கவும் கூடும். கேட்கவே ஆள் இல்லாத திட்டத்தைவிட, கன்சாஸ் விவசாயி கேட்கும் திட்டம் நீடிக்கும் என்ற வாதத்தை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. மட்டக்களப்பான் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே.

---

ரேஷன்கார்டு

அதுதான் அண்ணே சங்கடம். தமிழ்நாட்டு ரேஷனும் நெல் கொள்முதலோடு கட்டிப் போட்டதுதான். டெல்டா விவசாயிக்குக் கொள்முதல் நிலையம் வேண்டும், சென்னைக்காரருக்கு இலவச அரிசி வேண்டும். இரண்டு ஓட்டும் சேர்ந்துதான் கடையைக் காப்பாற்றுகிறது. கேழ்வரகு, கம்பு கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னாலும் அரிசிதான் மலையாக வருகிறது.

---

ஜூரோங்_அக்கா

கன்சாஸை நீங்கள் திருத்துங்கள். நான் திருத்தக்கூடியது ஒரு பைதான்.

எங்கள் குழுவில் பேசிவிட்டேன். அடுத்த சுற்றுக்கு முன்னால் ஒரு சின்னப் படிவம். அரிசி வேண்டுமா, முட்டை வேண்டுமா, மீ வேண்டாமா, மரக்கறியா, ஹலாலா, பல் எப்படி, வீட்டில் அடுப்பு வேலை செய்கிறதா. சமைக்காதவருக்கு 5 கிலோ அரிசிக்குப் பதில் கீழ்க்கடையில் சாப்பிடக் கூப்பன். கடைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நிறுவன நன்கொடையாளர் ஒருவர் முகம் சுளித்தார், அவர்களுக்குப் பை அடுக்கும் நாளில் ஊழியர்களோடு எடுக்கும் படம் முக்கியம். அவர்களையும் இழக்க முடியாது. பாதிப் பையை அவர்களுக்கு விட்டுவைத்தோம்.

தமிழ்ப் படிவம் யாராவது எழுதித் தருவீர்களா? பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள்.

---

கணக்குப்பிள்ளை

நான் எழுதித் தருகிறேன் அக்கா. வருமானம் கேட்டு ஒரு வரி சேர்க்கட்டுமா?

---

ஜூரோங்_அக்கா

வேண்டாம். மருந்து என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று வேண்டுமானால் ஒரு வரி சேருங்கள். வியாழனுக்குள் அனுப்பினால் அச்சடிக்க நேரம் இருக்கும்.